சந்துக்குள் ஒரு பப்: முதல் முறை போகிறவர்களுக்கு

இங்கிலாந்துக்குப் படிக்கவோ வேலை பார்க்கவோ வந்த நம்மவர்கள் முதலில் நுழையும் பப் பெரும்பாலும் ரயில் நிலையத்துக்கு எதிரில் இருக்கும். நான்கு பெரிய திரைகளில் கால்பந்து, காலில் ஒட்டும் தரை, பிளாஸ்டிக் உறை போட்ட உணவுப் பட்டியல். ஒரு கிளாஸ் லாகரைக் குடித்துவிட்டு, "இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று திரும்பிவிடுவார்கள். நான் சொல்ல வருவது வேறு வகை. பெரிய சாலையிலிருந்து இரண்டு திருப்பம் உள்ளே, வரிசை வீடுகளுக்கு நடுவே, ஒரு தொங்கு பலகையை மட்டும் அடையாளமாக வைத்துக்கொண்டு நிற்கும் சிறிய பப். அங்கே எழுதி வைக்காத விதிகள் நிறைய உண்டு. அவற்றில் பல, அங்கே ஊற்றப்படும் பீர் உயிருள்ளது என்ற ஒரே காரணத்திலிருந்து வருகின்றன. அதைப் புரிந்துகொண்டுவிட்டால் மிச்சம் எளிது.

பீப்பாய்க்குள் நடப்பது

இந்த உயிருள்ள பீருக்கு ரியல் ஏல் என்று பெயர். அது ஆலையை விட்டுக் கிளம்பும்போது பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். பீரை வடிகட்டுவதில்லை, சூடாக்கிக் கிருமி நீக்குவதும் இல்லை. பப்பின் நிலவறையில் பீப்பாயைப் படுக்கவைத்து, மேல் துளையில் மென்மையான மர முளை ஒன்றைச் செருகுவார்கள். மிஞ்சிய வாயு அதன் வழியாகக் கசிந்து வெளியேறும். கொதிப்பு அடங்கியதும் அதை எடுத்துவிட்டுக் கடினமான முளையைச் செருகி, மண்டி அடியில் படியக் காத்திருப்பார்கள். எந்த முளை எப்போது, எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் நிலவறையைப் பார்த்துக்கொள்பவரின் கைப்பக்குவம். ஒரே ஆலையின் ஒரே பீர் இரண்டு பப்களில் இரண்டு விதமாக இருப்பது இதனால்தான்.

பீப்பாயிலிருந்து பீர் வெளியேற வெளியேற, அந்த இடத்தில் காற்று உள்ளே போகிறது. அதன்பின் ஏறத்தாழ மூன்று நாள்தான் கணக்கு. காலையில் இறக்கிய கள் மாலைக்குள் புளிப்பேறுவதை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஏல் கொஞ்சம் பொறுமைசாலி, அவ்வளவுதான்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று 1960-களில் பெரிய ஆலைகள் வடிகட்டி, ஈஸ்ட்டைக் கொன்று, கரியமில வாயுவை ஏற்றிய பீரை நாடு முழுக்க அனுப்பத் தொடங்கின. வாட்னி நிறுவனத்தின் 'ரெட் பேரல்' அதற்குப் பேர்போனது, கெட்ட பேரில். எதிர்ப்பாக 1971-இல் நான்கு நண்பர்கள் தொடங்கிய நுகர்வோர் இயக்கம்தான் 'கேம்ரா'. இன்றைக்குச் சந்து பப்பில் நல்ல ஏல் கிடைக்கிறதென்றால் அந்த இயக்கத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

எந்தப் பப், எந்த நேரம்

பப் தேடும்போது ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். வழக்கமான சிறிய பீப்பாயான ஃபர்கினில் 9 காலன், அதாவது 72 பைன்ட் (ஒரு பைன்ட் அரை லிட்டருக்குச் சற்று மேல்) இருக்கும். ஒவ்வொரு பம்ப்பும் ஒரு பீப்பாயிலிருந்து பீரை இழுக்கும். பத்து பம்ப் வைத்திருக்கும் பப், மூன்று நாளில் 720 பைன்ட் விற்றாக வேண்டும். செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு உள்ளே ஆறு பேர்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால், அந்தப் பத்தில் பாதி அப்போதே வயதாகியிருக்கும். மூன்றே பம்ப் வைத்து, மூன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பப்புக்கே என் ஓட்டு. பட்டியலின் நீளத்தைப் பார்த்து மயங்குவது புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. பழகியவர்கள் பீப்பாய் எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்றுதான் பார்ப்பார்கள்.

கேம்ராவின் 'குட் பீர் கைடு' 1974 முதல் விற்பனைக்கு வருகிறது. அந்தந்த ஊர் உறுப்பினர்கள் குடித்துப் பார்த்து எழுதுவதால் நம்பலாம். கதவருகே 'காஸ்க் மார்க்' என்ற தகடு இருந்தால், அங்கே பீரின் தரத்தைச் சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். எனக்குப் பெயர் சொல்லித்தான் பரிந்துரைக்க வேண்டும் என்றால் ஷெஃபீல்டின் கெல்லம் ஐலண்ட் பகுதியைச் சொல்வேன். எஃகுப் பட்டறைகள் நிறைந்திருந்த இடம் அது. 1981-இல் அங்கே 'ஃபேட் கேட்' என்ற பப் திறந்தபோது, ஊரில் கிடைக்காத சிறிய ஆலைகளின் ஏல்களைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். பின்னர் பக்கத்திலேயே சொந்த ஆலையும் வைத்தார்கள். அந்த ஆலையின் 'பேல் ரைடர்' 2004-இல் பிரிட்டனின் சிறந்த பீராகக் கேம்ராவால் தேர்ந்தெடுக்கப்பட்டது. சற்றுத் தள்ளி இருக்கும் 'கெல்லம் ஐலண்ட் டேவர்ன்' 2008, 2009 என்று அடுத்தடுத்து நாட்டின் சிறந்த பப் விருதை வாங்கியது. லிவர்பூலில் 'ராஸ்கோ ஹெட்', மான்செஸ்டரில் பச்சை ஓடு பதித்த 'பெவரில் ஆஃப் த பீக்', கேம்பிரிட்ஜில் 'ஃப்ரீ பிரஸ்' எல்லாம் இந்த வகைதான். லண்டன் பெல்கிரேவியாவில் பழைய குதிரை லாயங்களின் சந்துக்குள் 'ஸ்டார் டேவர்ன்' இருக்கிறது. 1963-இல் நடந்த பெரும் ரயில் கொள்ளைக்கு அங்கேதான் திட்டம் தீட்டினார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

இவை ஏன் வீடுகளுக்கு நடுவே இருக்கின்றன என்ற கேள்வி வரும். ஏழைகளை ஜின் குடியிலிருந்து பீருக்கு மாற்றலாம் என்று நினைத்து 1830-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். வரி கட்டும் எவரும் இரண்டு கினி (அந்நாளைய ஆங்கிலேயப் பணம்) செலுத்தி உரிமம் வாங்கிவிட்டால் தன் வீட்டிலேயே பீர் விற்கலாம். மாஜிஸ்ட்ரேட் அனுமதி தேவையில்லை. சில ஆண்டுகளுக்குள் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் பல்லாயிரம் வீடுகளின் முன்னறை பீர்க்கடையாக மாறியது. 1869-இல் மறுபடி கடிவாளம் போட்டார்கள், ஆனால் முளைத்தவற்றில் பல நிலைத்துவிட்டன. உள்ளே அறைகள் குறுகலாக, வீட்டு வரவேற்பறை போல இருப்பதற்கு அந்தப் பூர்வீகம்தான் காரணம்.

கிளம்பும் முன் திறக்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் பல வார நாட்களில் மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கும். திங்கட்கிழமை மூடிவிடுவதும் உண்டு. முதல் முறைக்கு வார நாள் மாலை ஐந்திலிருந்து ஏழு வரை ஏற்ற நேரம். வெள்ளி இரவு வேண்டாம்; கவுன்ட்டருக்குப் பின்னால் இருப்பவருக்கு உங்களிடம் பேச நேரம் இருக்காது. தனியாகப் போகும் பெண்களுக்கும் இந்த மாலை நேரம்தான் வசதி: கூட்டமும் குறைவு, பேச்சும் நிதானம். பாஸ்போர்ட்டையோ வேறு அடையாள அட்டையையோ எடுத்துச் செல்லுங்கள். சட்டப்படி வயது 18 என்றாலும், 25-க்குக் கீழே தெரிகிறவர்களிடம் கேட்பது வழக்கம். நம்மவர்கள் பலருக்கு முப்பதிலும் இந்தப் பெருமை கிடைக்கும். கார்டோடு கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், இந்தப் பப்களில் பலவற்றில் அடுக்களையே கிடையாது.

கதவைத் திறந்தபின்

ஜன்னல் கண்ணாடியில் பூவேலை செதுக்கி, உள்ளே இருப்பவர் முகம் தெரியாதபடி செய்திருப்பார்கள். அதனால் கதவைத் தள்ளும்வரை எதுவும் தெரியாது. தள்ளியதும் நாலைந்து தலைகள் திரும்பும். அதைக் கண்டு தயங்க வேண்டாம். வந்தது யார், தெரிந்தவரா என்று பார்க்கிறார்கள். யார் வந்தாலும் அப்படித்தான் பார்ப்பார்கள். லேசாகத் தலையசைத்துவிட்டு நேராகக் கவுன்ட்டருக்குப் போங்கள். சில பப்களில் இரண்டு கதவுகள் இருக்கும்; கண்ணாடியில் 'பப்ளிக் பார்', 'சலூன்', 'ஸ்னக்' என்று அறைகளின் பெயர் எழுதியிருக்கும். கம்பளம் விரித்த சலூனில் ஒரு காலத்தில் விலை கூடுதல். இப்போது எல்லா அறைக்கும் ஒரே விலை. பேச்சு சுவாரசியமாக ஓடுவது வெறும் பலகைத் தரை போட்ட அறையில்தான்.

மேசையில் உட்கார்ந்து யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். யாரும் வரமாட்டார்கள்.

கவுன்ட்டரில் வரிசை நிற்காது, ஆனால் வரிசை உண்டு. உங்களுக்கு முன் வந்தவர் யார், பின் வந்தவர் யார் என்று அங்கே நிற்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும், ஊற்றுகிறவருக்கும் தெரியும். கையை உயர்த்துவது, பணத்தாளை ஆட்டுவது, குரல் கொடுப்பது மூன்றும் ஆகாது. கவுன்ட்டரில் கை வைத்து, ஊற்றுகிறவரின் கண்ணில் படும்படி நின்றால் போதும். தவறிப்போய் உங்களை முன்னதாகக் கேட்டுவிட்டால், "இவர் எனக்கு முன்னால் வந்தவர்" என்று பக்கத்தில் இருப்பவரைக் காட்டுங்கள். அந்த ஒரு வாக்கியத்தில் உங்களுக்கு அங்கே ஒரு இடம் கிடைத்துவிடும். கொரோனாவுக்குப் பிறகு சில பப்களில் ஆட்கள் ரேஷன் கடை போல ஒருவர் பின் ஒருவராக நிற்கத் தொடங்கியிருக்கிறார்கள். பழைய ஆட்களுக்கு இது பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

எதைக் கேட்பது

உயரமான மரக் கைப்பிடிகள்தான் ஹேண்ட்பம்ப். நிலவறையிலிருந்து வாயு அழுத்தம் இல்லாமல் பீரைக் கைபலத்தால் இழுக்கும் கருவி இது. ஜோசஃப் பிராமா என்ற பொறியாளர் இத்தகைய பம்ப்புக்கு 1797-இல் காப்புரிமை வாங்கினார். விளக்கு எரியும் குட்டையான குழாய்களில் வருவது லாகரும் கின்னஸும். ஹேண்ட்பம்ப்பின் முன்னால் மாட்டியிருக்கும் அட்டையில் பீரின் பெயர், ஆலை, மதுச் சதவீதம் இருக்கும். அட்டை திருப்பி மாட்டியிருந்தால் அந்தப் பீப்பாய் தீர்ந்துவிட்டது, அல்லது அடுத்தது இன்னும் தெளியவில்லை.

முதலில் பிட்டர். செம்பழுப்பு நிறம், மெல்லிய கசப்பு, பெரும்பாலும் 3.5 முதல் 4.5 சதவீதம். லண்டனில் 'லண்டன் பிரைட்', சசெக்ஸ் பக்கம் 'ஹார்வீஸ்', யார்க்‌ஷயரில் டிமோதி டெய்லரின் 'லேண்ட்லார்ட்' என்று ஊருக்கு ஊர் மாறும். எந்த ஊரில் இருக்கிறீர்களோ அந்த ஊர் பீரைக் கேட்பதே நல்லது; அங்கே அதுதான் வேகமாக ஓடும், ஆகவே புதிதாக இருக்கும். கசப்பு பிடிக்காதவர்களுக்கு மைல்டு: கறுப்பாகத் தோன்றும், வலு குறைவு, வறுத்த மால்ட்டின் (முளைகட்டிய பார்லி) இனிப்பு. பர்மிங்காமுக்கு மேற்கே பிளாக் கன்ட்ரியில் இது இன்னும் உயிரோடு இருக்கிறது. லாகரிலிருந்து வருகிறவர்களுக்கு கோல்டன் ஏல் சுலபமான படிக்கட்டு. ஊரில் எட்டு சதவீத 'ஸ்ட்ராங்' பீர் குடித்துப் பழகியவர்கள் அட்டையில் 3.8 என்று பார்த்ததும் உதட்டைப் பிதுக்குவார்கள். குடித்துப் பார்த்துவிட்டுப் பிதுக்கட்டும். நீண்ட பேச்சுக்கு ஈடுகொடுக்கத்தான் இந்தப் பீர் அளவாக வடிக்கப்படுகிறது.

ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) என்ற எழுத்துகளைப் பார்த்தால் நமக்கு ஒரு தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் முதலில் லண்டன் போ பகுதி ஹாட்சனின் ஆலையிலிருந்தும், பின்னர் பர்ட்டன் நகரத்து ஆலைகளிலிருந்தும் இந்தியாவுக்கு வந்த பீரின் பரம்பரை அது. அந்நாளில் சென்னையில் துறைமுகம் கிடையாது. இங்கே இறங்கிய சரக்கெல்லாம் அலையைத் தாண்டி மசூலா படகுகளில்தான் கரையேறியது. வெள்ளைக்காரன் பீரைக் கரை சேர்த்த தோள்கள் நம் மீனவர்களுடையவை. இன்று பம்ப்பில் ஐபிஏ என்று எழுதியிருப்பதெல்லாம் அந்தப் பழைய வலுவான பீர் அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பைன்ட் 568 மில்லிலிட்டர், அரை பைன்ட் 284. முதல் முறை அரை பைன்ட் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை: "ஹாஃப் ஆஃப் பிட்டர், ப்ளீஸ்." முடிவெடுக்க முடியவில்லை என்றால், கூட்டம் இல்லாத நேரத்தில் சுவைத்துப் பார்க்கக் கொஞ்சம் கேட்கலாம், இலவசமாகவே ஊற்றிக் கொடுப்பார்கள். இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நுரை விஷயத்தில் இங்கிலாந்து இரண்டாகப் பிரிந்திருக்கிறது. வடக்கே பம்ப்பின் மூக்கில் துளைகள் போட்ட 'ஸ்பார்க்லர்' மாட்டி, தடித்த பாலாடை போன்ற நுரையோடு தருவார்கள். தெற்கே அது இல்லாமல் கிளாஸ் விளிம்புவரை பீர். எது சரி என்று கவுன்ட்டரில் கேட்டுவிடாதீர்கள், விடிந்துவிடும். நுரை அளவுக்கு மீறி இருந்தால் "டாப் அப், ப்ளீஸ்" என்றால் முகம் சுளிக்காமல் நிரப்பிக் கொடுப்பார்கள்.

குடிக்காதவர்கள் லைம் சோடா கேட்கலாம். ஏன் என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள்.

சுவைக்கும்போது

"வெதுவெதுப்பான பீர்" என்று உலகமே கேலி செய்கிறது. நிலவறையில் 11 முதல் 13 டிகிரி செல்சியஸ். சென்னை மே மாதத்தில் அதை யாரும் வெதுவெதுப்பு என்று சொல்லமாட்டார்கள். இதற்கு மேல் குளிரவைத்தால் நாக்கு மரத்து மால்ட், ஹாப் (பீருக்குக் கசப்பு தரும் பூ) வாசனைகள் தெரியாமல் போகும். மேலும், உள்ளே ஈஸ்ட் வேலை செய்ய அந்த வெப்பம் வேண்டும். குமிழி குறைவாக இருப்பதும் இயல்பு. அது பீப்பாய்க்குள் தானாக உண்டான வாயு.

ஆனால் வினிகர் புளிப்போ நனைந்த அட்டையின் வாசனையோ வந்தால், அல்லது நேற்றைய தண்ணீர் போல உயிரில்லாமல் இருந்தால், அந்தப் பீப்பாய் முடிந்துவிட்டது என்று பொருள். இரண்டு வாய் குடித்ததுமே கிளாஸை எடுத்துக்கொண்டு போய், மற்றவர் காதில் விழாதபடி, "இது இப்படித்தான் இருக்குமா?" என்று கேளுங்கள். நல்ல பப்பில் முகர்ந்து பார்த்துவிட்டு வேறு ஊற்றித் தருவார்கள், அந்தப் பம்ப்பின் அட்டையையும் திருப்பிவிடுவார்கள். முக்கால் கிளாஸ் காலியான பிறகு போய் நிற்காதீர்கள். நம்மவர்கள் இந்த இடத்தில் வீண் மரியாதை பார்த்து முழுவதையும் விழுங்கிவிட்டு, "ஏல் என்றாலே புளிப்புதான்" என்று ஊர் முழுக்கச் சொல்கிறார்கள். வாடிக்கையாளர் சொன்னால்தான் நிலவறைக்குத் தெரியும்.

சைவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மண்டியைச் சீக்கிரம் படியவைக்க 'ஐசிங்கிளாஸ்' என்ற பொருளைச் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். அது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கப்படுவது. அது சேர்க்காத பீர்களும் இப்போது நிறைய வருகின்றன. அட்டையில் 'அன்ஃபைன்டு' அல்லது 'வீகன்' என்று இருக்கும், இல்லாவிட்டால் கேளுங்கள். இவை சற்றுக் கலங்கலாக இருப்பது குறை அல்ல. கொறிப்பதற்கு வைத்திருக்கும் பொட்டலங்களில் 'ஸ்க்ராட்சிங்ஸ்' என்பது பொரித்த பன்றித் தோல். தெரியாமல் வாங்கிவிட்டு விழிக்க வேண்டாம். சிப்ஸ் பொட்டலத்தைப் பக்கவாட்டில் முழுதாகக் கிழித்து மேசை நடுவே விரிப்பது இங்கே விருந்தோம்பல்.

பணம், முறை, பேச்சு

கிளாஸ் கைக்கு வந்ததும் பணம். கணக்கில் வைத்துக் கடைசியில் கொடுப்பது அபூர்வம். டிப்ஸ் வைக்கும் வழக்கமும் இல்லை. கவனிப்பு பிடித்திருந்தால் "அண்ட் ஒன் ஃபார் யுவர்செல்ஃப்" என்று சொல்லலாம். ஊற்றுகிறவர் ஒரு சிறு தொகையைத் தன் கணக்கில் எடுத்துக்கொண்டு நன்றி சொல்வார்.

கூட்டமாகப் போனால் 'ரவுண்டு' முறை. ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்து இன்னொருவர். ஒன்றை ஏற்றுக்கொண்டால் ஒன்று கடன். நம் ஊர்ப் பழக்கத்தில் ஒருவரே "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எல்லாவற்றுக்கும் கொடுப்பது பெருந்தன்மை; இங்கே அது மற்றவர்களைச் சங்கடப்படுத்தும், அவர்களுடைய முறையைப் பறித்துக்கொண்டதாக ஆகும். உங்கள் முறை வரும் நேரம் பார்த்துக் கிளம்புவது அதைவிட மோசம், பல ஆண்டு பேசுவார்கள். மெதுவாகக் குடிப்பவரோ கையில் பணம் குறைவோ என்றால், தொடக்கத்திலேயே "எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள்; யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

கவுன்ட்டர் மூலையில் இருக்கும் உயர நாற்காலி காலியாக இருந்தாலும் கேட்டுவிட்டு உட்காருங்கள். அதற்கு உரியவர் ஆறு மணி பஸ்ஸில் வந்துகொண்டிருப்பார். கவுன்ட்டரில் நிற்பவரிடம் பேச்சுக் கொடுக்கலாம். மேசையில் உட்கார்ந்தவரிடம் வேண்டாம். பீர், வானிலை, காலடியில் படுத்திருக்கும் நாய் மூன்றும் பாதுகாப்பான தலைப்புகள். என்ன வேலை, எவ்வளவு சம்பளம், சொந்த வீடா என்பதெல்லாம் நம் திண்ணைக்கு உரியவை. கைபேசியில் ஸ்பீக்கர் போட்டு அம்மாவிடம் பேசக் கூடாது. டாட்காஸ்டர் நகரத்துச் சாமுவேல் ஸ்மித் ஆலையின் பப்களில் கைபேசிக்கும் கெட்ட வார்த்தைக்கும் தடையே உண்டு. ஆனாலும் அங்கே பிட்டரை இன்னும் மரப் பீப்பாயில் அனுப்புகிறார்கள் என்பதற்காக நான் பொறுத்துக்கொள்கிறேன்.

மணி அடித்த பிறகு

மூடும் நேரம் நெருங்கும்போது கவுன்ட்டரில் ஒரு மணி அடிக்கும்: கடைசியாக வாங்க விரும்புகிறவர்கள் வாங்கலாம். இரண்டாவது மணி அடித்தால் விற்பனை முடிந்தது, கெஞ்சிப் பயனில்லை. கையில் இருப்பதைக் குடித்து முடிக்க இருபது நிமிடம் போலக் கொடுப்பார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்களை மனத்தில் வைத்துப் போட்ட நேரக் கட்டுப்பாடுகளின் நிழல் நெடுங்காலம் நீடித்தது. இங்கிலாந்தில் 2005 நவம்பரில் புதிய உரிமச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு ஒவ்வொரு பப்புக்கும் தனி நேரம். ஆனாலும் சந்து பப்கள் பல பதினொரு மணியையே பிடித்துக்கொண்டிருக்கின்றன, சுற்றிலும் வீடுகள் என்பதால். வெளியே வந்து சத்தமாகப் பேசாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரின் ஒரு புகார் உரிமத்துக்கே வினையாகலாம்.

காலி கிளாஸைக் கவுன்ட்டரில் வைத்துவிட்டு "சியர்ஸ்" சொல்லிக் கிளம்புங்கள். நான்கு சதவீத ஏல் ஒரு பைன்ட் 2.3 யூனிட் (ஒரு யூனிட் என்பது 10 மில்லிலிட்டர் தூய ஆல்கஹால்), வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்பது பிரிட்டிஷ் அரசின் மருத்துவ அறிவுரை. காரை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் வண்டி ஓட்டுபவர்களுக்கான வரம்பு இங்கிலாந்தைவிடக் குறைவு. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை முதல் பைன்ட்டுக்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.